மெய்டன் தொகுப்பில் டியானோ எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹெவி மெட்டல் என்னும் அதிரடி ராக் இசையைக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு பிரிட்டனின் அயர்ன் மெய்டன் குழுவின் ‘சம்வேர் பேக் இன் டைம்’ தொகுப்பைச் சிபாரிசு செய்து இசைப் பகுதியில் வந்த குறிப்பைப் படித்தோம். சிபாரிசில் தப்பில்லை. எண்பதுகளின் மெய்டன் அப்படியே இதில் இருக்கிறது என்று சொல்லியிருப்பதுதான் சரியில்லை.

2008 மே மாதம் வந்த இந்தத் தொகுப்பு 1980 முதல் 1989 வரைக்கும் உரியது என்று அட்டையே சொல்கிறது. அந்தக் காலத்தில் வந்த குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களுக்கும் பாடியவர் பால் டியானோ. 1981-இல்தான் அவர் இடத்துக்கு புரூஸ் டிக்கின்சன் வந்தார். இசைத்தட்டை முழுக்க ஓட்டினாலும் டியானோவின் குரல் ஒரு வரிகூட வராது. அவர் காலத்துப் பாடல்கள் இருக்கத்தான் செய்கின்றன: 9-ஆவது ‘ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பரா’, 11-ஆவது ‘ராத்சைல்ட்’, 15-ஆவது ‘அயர்ன் மெய்டன்’. மூன்றும் டிக்கின்சன் மேடையில் பாடியவை, 1985-இல் வெளியான ‘லைவ் ஆஃப்டர் டெத்’ ஆல்பத்திலிருந்து எடுத்துப் போட்டவை. முதல் இரண்டும் 1984 அக்டோபரில் லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கிலும், கடைசிப் பாட்டு 1985 மார்ச்சில் கலிபோர்னியாவின் லாங் பீச்சிலும் பதிவானவை.

பாட்டு அதேதானே என்று விட்டுவிட முடியாது. ‘ஃபேண்டம்’ பாட்டை 1980-இல் ஸ்டூடியோவில் வாசித்த ஐவரில் மேடைப் பதிவில் இருப்பவர்கள் பேஸ் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸும் கிட்டாரிஸ்ட் டேவ் மர்ரேயும் மட்டுமே. டென்னிஸ் ஸ்ட்ராட்டனின் கிட்டார் ஏட்ரியன் ஸ்மித்துக்குப் போய்விட்டது, கிளைவ் பர்ரின் டிரம்ஸ் நிக்கோ மெக்பிரெய்னுக்கு. டியானோ கரகரத்த குரலில் தெருச்சண்டைக்காரன் மாதிரிப் பாடுவார். டிக்கின்சன் அதே வரியை உச்சத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவார். எது உசத்தி என்பது அவரவர் காது. ஆனால் 1980-இல் வந்தது இதுதான் என்று நம்பிக் கேட்டால் ஏமாற்றம்தான்.

சரிசெய்வது சுலபம். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 1980 ஆல்பத்திலிருந்து ‘ஃபேண்டம்’, ‘அயர்ன் மெய்டன்’ இரண்டையும், 1981-இன் ‘கில்லர்ஸ்’ ஆல்பத்திலிருந்து ‘ராத்சைல்ட்’ பாட்டையும் எடுத்து உங்கள் பட்டியலின் தலையில் வையுங்கள். மேடைப் பதிவுகள் கடைசிக்குப் போகட்டும். செயலியில் தேடும்போது மேடைப் பதிவும் கூடவே வந்து நிற்கும். எந்த ஆல்பம் என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஆல்பத்தின் ஒலி மெலிந்து, வறண்டுதான் இருக்கும். இயர்போனைத் திட்ட வேண்டாம், பதிவே அப்படி. ஹாரிஸுக்கே அதில் திருப்தி கிடையாது. ‘கில்லர்ஸ்’ ஆல்பத்துக்கு மார்ட்டின் பர்ச் தயாரிப்பாளராக வந்த பிறகுதான் ஒலிக்குச் சதை பிடித்தது.

ஷஃபிளையும் அணைத்துவிடுங்கள். தொகுப்பின் முதல் டிராக்காக இருக்கும், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் பேச்சு ஒரு நிமிடம்கூட ஓடாது. அது முடிந்த கையோடு ‘ஏசஸ் ஹை’ பாய வேண்டும். கலைத்துப் போட்டால் ‘பவர்ஸ்லேவ்’ முடிந்து திடீரென்று ஒரு கிழவர் பேசிவிட்டுப் போவார்.

வாங்குகிறவர்கள் வழக்கமாக இடறுவது பெயரில். ‘சம்வேர் இன் டைம்’ என்பது 1986-இல் வந்த தனி ஆல்பம், 8 பாடல். தொகுப்பில் 15 டிராக். இரண்டு அட்டையிலும் இயந்திர உடம்போடு குழுவின் சின்னமான எட்டி என்ற பூத உருவம்தான் நிற்பான்; பின்னால் எகிப்தியக் கட்டுமானம் தெரிந்தால் தொகுப்பு, எதிர்கால நகரம் தெரிந்தால் பழைய ஆல்பம். அந்த ஆல்பத்திலிருந்து தொகுப்புக்கு வந்தது ‘வேஸ்டட் இயர்ஸ்’ ஒன்றே ஒன்று.

தேர்வும் ஒரே சீராக இல்லை. ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ ஆல்பத்துக்கு 4 இடம், ‘பீஸ் ஆஃப் மைண்ட்’ ஆல்பத்துக்கு ‘தி ட்ரூப்பர்’ மட்டும். 2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில் தொடங்கிய, தொகுப்பின் பெயரையே கொண்ட இசைப் பயணத்தில் ‘பீஸ் ஆஃப் மைண்ட்’ ஆல்பத்தின் ‘ரெவலேஷன்ஸ்’ வாசித்தார்கள், பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் போகும் ‘ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரைனர்’ பாட்டையும் வாசித்தார்கள். தட்டில் இரண்டும் இல்லை. நீளப் பாட்டுக்கு இடம் போதவில்லை என்றால் ஒப்புக்கொள்ளலாம், ‘ரெவலேஷன்ஸ்’ விடுபட்டதற்கு அந்தச் சமாதானம் செல்லாது.

டியானோவோடு சேர்த்தே தொகுப்பு வேண்டும் என்பவர்கள் 2002-இன் ‘எட்வர்ட் தி கிரேட்’ பக்கம் போக வேண்டாம். அது 1982-இலிருந்துதான் தொடங்குகிறது. 1996-இன் ‘பெஸ்ட் ஆஃப் தி பீஸ்ட்’ இரட்டைத் தட்டுப் பதிப்பைத் தேடுங்கள். ஒற்றைத் தட்டுப் பதிப்பும் உண்டு, மாறிவிடக் கூடாது. இரட்டைப் பதிப்பில் பாடல்கள் புதிதிலிருந்து பழசுக்குப் போகும், ஆகவே முதலில் காதில் விழுவது டிக்கின்சனுக்குப் பின் வந்த பாடகர் பிளேஸ் பெய்லியின் குரல். இரண்டாம் தட்டின் கடைசி இரண்டு பாடல்கள் 1978 டிசம்பர் கடைசியில் ஸ்பேஸ்வர்ட் ஸ்டூடியோவில் பதிவானவை. அங்கேயிருந்து பின்னோக்கி வந்தால் டியானோ தாமாகவே கிடைப்பார்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்