பூதப்பாண்டியிலிருந்து மணக்குடி வரைக்கும்

மக்களே,

நீ அனுப்பின படங்களை உன் அம்மை தினமும் இரண்டு தடவை எடுத்துப் பார்க்கிறாள். வார்ஃப் ஆற்றின் குறுக்கே வரிசையாகக் கிடக்கிற கற்களில் நீ கையை விரித்துக்கொண்டு நிற்கும் படம்தான் அவளுக்குப் பயம். "வழுக்கி விழுந்தா யாரு தூக்குவா?" என்று போனைப் பார்த்தே கேட்கிறாள். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. கல்சுவருக்கு நடுவே ஒரு சின்ன மரக்கதவு, அதில் மஞ்சள் அம்பு, அந்தப் பக்கம் யாருடையதோ ஒரு புல்வெளி, அதன் நடுவில் ஆள் நடந்து நடந்தே தேய்ந்த ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்தில் இல்க்லியில் தொடங்கி பௌனஸ் வரை 80 மைல், பெரும்பாலும் ஆற்றங்கரையும் மேய்ச்சல் நிலமும்தான், பெயர் டேல்ஸ் வே என்று சொன்னாய். பட்டா நிலத்துக்குள் பாதை போனாலும் விவசாயி அடைக்க முடியாது, உழுதால் திரும்பச் சரிபண்ணிக் கொடுக்க வேண்டும் என்றாய். 1932இல் கிண்டர் ஸ்கவுட் மலையில் நூற்றுக்கணக்கான பேர் தடையை மீறி ஏறியதையும், அதற்காகச் சிலர் ஜெயிலுக்குப் போனதையும், 1949 சட்டத்துக்குப் பிறகு பாதைகளை எல்லாம் வரைபடத்தில் ஏற்றியதையும் சொன்னாய். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணுமே இல்லையேப்பா" என்றாய். போனில் எனக்கு வாய் வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பன் 26 வருஷம் நடந்தே சம்பளம் வாங்கினவன். லஸ்கர், அதாவது பாசனச் சானலைப் பார்த்துக்கொள்கிற ஆள். அந்த வேலை என்றால் ஷட்டர் திறந்து மூடுவது என்று நீ நினைத்திருப்பாய். திறப்பதும் மூடுவதும் பத்து நிமிஷ வேலை. மீதி நேரமெல்லாம் நடைதான். ஒரு தோளில் மண்வெட்டி, இடுப்பில் வெட்டுகத்தி, விடியும் முன்பே சானல்கரையில் இறங்கிவிட வேண்டும். எங்கே கரை கசிகிறது, எங்கே நண்டு துளை போட்டிருக்கிறது, எந்த மடையில் யார் ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லைப் பெயர்த்தது, எல்லாவற்றையும் கால்தான் முதலில் கண்டுபிடிக்கும். கரைமண் கொஞ்சம் அமுங்கினாலே உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். செருப்புப் போட்டால் தெரியாது.

பாதை எப்படி வந்தது என்பதில்தான் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் என்று தோன்றுகிறது. அங்கே நடக்கிறவர்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். இங்கே தண்ணீர் போட்டுக் கொடுத்தது. 1906இல் பேச்சிப்பாறை அணை முடிந்து, சானல்கள் வழியாகத் தோவாளை வரைக்கும் தண்ணீர் வந்தது. சானல் இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ஆள் நடக்க ஒரு கரை வேண்டும். அந்தக் கரையில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், பெண்கள் நாற்றுமுடி சுமந்தார்கள், பிணமும் போயிற்று. யாரும் அம்பு வரையவில்லை. வழி தெரியாவிட்டால் தண்ணீர் போகிற திசையில் நடந்தால் போதும், ஏதாவது ஒரு குளத்தில் கொண்டுபோய் விடும்.

நெடுநடை வேண்டுமென்றால் சிவாலய ஓட்டம் இருக்கிறதே! சிவராத்திரிக்கு முந்தின நாள் முன்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று 12 கோயில், கடைசியில் திருநட்டாலம். காவி உடுத்தி, கையில் விசிறி பிடித்து, சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடுவார்கள். இந்த அதிசயம் வேறு எங்கே உண்டு சொல். நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை வயது 19. கல்குளம், விளவங்கோடு பக்கமெல்லாம் நம் நாஞ்சில் நாடு மாதிரித் தட்டையாக இருக்காது. ஏறினால் ரப்பர், இறங்கினால் வாழை, நடுவில் ஒரு ஓடை, அதைத் தாண்டினால் இரண்டு மண்திட்டுக்கு நடுவே இருட்டான இடவழி. ஒவ்வொரு முக்கிலும் யாராவது பானகமும் சுக்குவெள்ளமும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். திருவிதாங்கோடு வருவதற்குள் கால் என்னுடையது மாதிரியே இல்லை. இப்போது பாதி வழி தார்ரோடு. பலர் பைக்கில் ஒரே நாளில் சுற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், என்னாலும் இனி ஓட முடியாது.

உனக்கு நான் யோசித்து வைத்திருப்பது பழையாற்றங்கரை நடை. ஜனவரியில் வா. ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, கும்பப்பூ நெல்லில் கதிர் வெளியே வருகிற சமயம். தண்ணீரும் முறை வைத்து வந்துகொண்டிருக்கும். காலையில் பூதப்பாண்டியில் இறங்குவோம். ஜீவா பிறந்த ஊர் என்று அங்கே டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அரை மணி நேரம் விடமாட்டார்கள், அதற்கும் நேரம் வைத்துக்கொள். அங்கிருந்து தாடகைமலை நம் கூடவே வரும். நீ குழந்தையாக இருந்தபோது, படுத்திருக்கிற பொம்பளையின் மூக்கு எது என்று கேட்டு பஸ்ஸில் சண்டை போடுவாயே, அந்த மலை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நெல்லைத் தடவிக்கொண்டு வரும். ஆனி ஆடியில் தள்ளிவிடுகிற காற்று, தையில் அவ்வளவு மூர்க்கம் இல்லை.

வீரநாராயணமங்கலம் வரை கரை நன்றாக இருக்கிறது. போன மாதம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உன் அம்மையிடம் பென்ஷன் காரியமாகப் போகிறேன் என்று சொன்னேன், நீயும் அப்படியே சொல். ஒரு இடத்தில் மட்டும் கரைமேல் காம்பவுண்டு சுவர் வந்திருக்கிறது. 26 வருஷம் நடந்த இடத்தில் நான் சுவரைச் சுற்றி, வயலில் இறங்கி, முழங்கால் சேற்றோடு ஏறி வந்தேன். உங்கள் ஊர் மாதிரி ஒரு காகிதம் இருந்திருந்தால் காட்டியிருக்கலாம். ஒழுகினசேரியிலிருந்து கோட்டாறு வரை ஆறு சாக்கடைதான். அங்கே நடக்க வேண்டாம், பஸ் ஏறிவிடுவோம்.

மறுநாள் சுசீந்திரம். பள்ளிகொண்டான், சபரி, குமரி, சோழன்திட்டை என்று இந்த ஆற்றை வழிநெடுக அணை கட்டி மறித்திருக்கிறார்கள். ஒன்றில் வழிந்ததை அடுத்தது பிடித்துக்கொள்ளும். கடைமடைக்காரன் வயிறு எரிவதும் அதனால்தான். அப்படியே கிழக்கே தேரூருக்கு ஒதுங்கினால் குளம் முழுக்க நாரையும் கொக்கும் நாமக்கோழியும். கவிமணியின் ஊர். சுசீந்திரம் தேரூர்க் குளங்களை 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் வரவில்லை என்று என்னைத் திட்டாதவர்கள் கிடையாது. பிறகு தெற்கே இறங்க இறங்க நெல் குறையும், தென்னை கூடும், உப்பளம் தெரியும், கண்டல் காடு தெரியும், மணக்குடிக் காயலில் ஆறு கடலோடு சேரும். 2004 சுனாமியில் அங்கே பாலம் போனது உனக்கு ஞாபகம் இருக்கும்.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது சானலுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று அழுதாய். பாம்பு இருக்கும் என்று சொல்லி விட்டுவிட்டுப் போனேன். பாம்பு இல்லை. அந்த வாரம் ஒரு நிலக்காரர், மடை அடைத்ததற்காக, வரப்பில் நின்று என்னைச் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லியிருந்தார். நீ பக்கத்தில் நிற்கும்போது இன்னொரு தடவை அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. பிறகு நீ வளர்ந்துவிட்டாய், கேட்கவும் இல்லை.

அந்தக் கனமான பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வராதே, நம் வரப்பில் களிமண் ஒட்டி ஆளுக்கு ஒரு செங்கல் ஏறும். உனக்கு ரப்பர் செருப்பு ஒன்று வாங்கி வைக்கிறேன். ஏழாம் நம்பர்தானே இப்போதும்?

அப்பா