திரைப்படச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரத் திரையிடல்கள் இவ்வாண்டும் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கும் ஜூலைத் திரையிடலைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன்.

புரூஸ் லீ மறைந்து 2023 ஜூலை 20 அன்று 50 ஆண்டுகள் நிறைந்தன. அவருடைய சண்டைப் படம் ஒன்றைப் போடலாம் என்றுதான் செயற்குழுவில் பலரும் கருதினார்கள். “படங்களை எல்லாரும் பார்த்தாச்சு, ஆளைத்தான் பார்க்கலை” என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அதை ஏற்று, பாவ் நுயென் இயக்கி 2020இல் வெளிவந்த ‘பி வாட்டர்’ ஆவணப்படத்தைத் திரையிட்டோம்.

அதற்கு முன்பாக, 1965இல் ஹாலிவுட்டில் எடுத்த லீயின் நடிப்புத் தேர்வுக் காட்சியைப் போட்டோம். கோட்டும் டையுமாக நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தை பிறந்து சில நாள்தான் ஆகிறது, தூக்கமில்லை என்கிறார். பிறகு எழுந்து, எதிரே நிற்பவரின் கண்ணை நோக்கி விரலை வீசுகிறார். அந்த மனிதர் பதறிக் கண் சிமிட்ட, சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். கராத்தே பயிலும் பிள்ளைகள் அதை இன்னொரு முறை போடச் சொன்னார்கள்; போட்டோம்.

ஆவணப்படத்தில், பேசுபவர்களின் முகத்தைப் பெரும்பாலும் காட்டாமல், மனைவி லிண்டா, மகள் ஷானன், நண்பர்கள் ஆகியோரின் குரல்களைப் பழைய காட்சிகளின் மேல் ஓடவிட்டிருக்கிறார் இயக்குநர். பார்வை லீயை விட்டு நகர்வதே இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1940இல் பிறந்து, ஹாங்காங்கில் வளர்ந்து, 18 வயதில் அமெரிக்கா திரும்பியவர். சியாட்டிலில் உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர். ‘தி கிரீன் ஹார்னெட்’ தொடரில் கார் ஓட்டும் உதவியாளர் வேடம்தான் கிடைத்தது. ஹாங்காங் போய் நடித்த ‘தி பிக் பாஸ்’ 1971இல் அங்கே வசூல் சாதனை படைத்தது. ஆனாலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வந்த ‘குங் ஃபூ’ தொடரில் பாதிச் சீனரான நாயகனாக லீயை விட்டுவிட்டு டேவிட் கேரடைன் என்ற வெள்ளையரையே நடிக்க வைத்தார்கள். என்னைக் கேட்டால், லீ வாங்கிய அடிகளில் மிகப் பெரியது இதுதான்.

கலந்துரையாடல் அவருடைய மரணத்தின் பக்கம் திரும்பியது. விஷம் வைத்தார்கள், வர்மத்தில் அடித்தார்கள் என்று நாம் சிறுவயது முதல் கேட்ட கதைகள் எல்லாம் வந்தன. மருத்துவரான நம் உறுப்பினர் பொறுமையாக விளக்கினார். 1973 மே 10 அன்று டப்பிங் கூடத்தில் லீ மயங்கி விழுந்தபோதே மூளை வீக்கம் இருந்தது. ஜூலை 20 அன்று தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவர் எழவில்லை. வயது 32. மீண்டும் மூளை வீக்கம். மாத்திரை ஒத்துக்கொள்ளாததே காரணம் என்று அப்போது கருதினார்கள். உடலில் நீர் மிகுந்து சோடியம் குறைந்திருக்கலாம் என்று சிறுநீரக மருத்துவர்கள் சிலர் 2022இல் எழுதியிருக்கிறார்கள். கொலை என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. இத்தனை உழைத்த மனிதரின் முடிவைத் துப்பறியும் கதையாக்கிப் பேசுவதை நாமாவது நிறுத்த வேண்டும் என்று அன்று கேட்டுக்கொண்டேன், இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

லீ நடித்த ‘என்டர் தி டிராகன்’ அமெரிக்காவில் வெளியானது அவர் இறந்து சுமார் ஒரு மாதம் கழித்து. அப்படத்தை வரும் ஜூலையில் திரையிடச் செயற்குழு முடிவு செய்துள்ளது. கராத்தே மாணவர்களுக்கு அனுமதி இலவசம்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்