கடலோர வரைபடம் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தில் பணிபுரியும் அதிகாரிகளுக்கும் வல்லுநர்களுக்கும்,

வணக்கம். நான் நகர ஊரமைப்பு படிக்கும் மாணவி. தமிழகக் கடலோர ஊர்கள் எதனால் அடிபடுகின்றன, அடிபட்டபின் எப்படி எழுகின்றன என்பது என் ஆய்வு. நீங்கள் தயாரிக்கும் கடலோர வரைபடத்தில் மீனவர்கள் பயன்படுத்தும் இடங்கள் விடுபடக்கூடாது என்று கேட்கவே இந்த மடல்.

ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸ், இந்தியக் கடற்கரையின் எந்தப் பகுதி எவ்வளவு எளிதில் பாதிக்கப்படும் என்று காட்டும் பாதிப்புக் குறியீட்டு வரைபடங்கள் வெளியிட்டிருக்கிறது. கரை மாற்றம், கடல்மட்ட உயர்வு, தரையின் உயரம், சரிவு, நில அமைப்பு, அலை உயரம், ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) என்று 7 அளவுகோல்கள். பயனுள்ள வேலைதான். ஆனால் ஏழில் ஒன்றிலும் மனிதர்கள் இல்லை.

அந்தக் குறையை நிரப்பும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது. மீனவ கிராமங்கள், அவர்களின் பொது இடங்கள், மீன் காயவைக்கும் களம், ஐஸ் ஆலை எல்லாவற்றையும் வரைபடத்தில் காட்டவேண்டும் என்று கரையில் எதை அனுமதிக்கலாம் என்று வரையறுத்த 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொன்னது. மீனவர்களுக்கான நீண்டகால வீட்டுவசதித் திட்டத்தையும் கேட்டது. இவை விடுபடுகின்றன என்று மீனவர் அமைப்புகள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டன.

படகு ஏற்றும் மணலும் வலை சரிபார்க்கும் இடமும் வரைபடத்தில் வெற்று நிலமாகத் தெரிகின்றன. வெற்று நிலம் என்றால் அப்புறம் அங்கே சாலையோ பூங்காவோ வந்துவிடும். புயல் எச்சரிக்கை வந்த இரவில் ஃபைபர் படகை எங்கே இழுத்து ஏற்றுவது? படகு உடைந்தால் கடன்தான். வரைபடத்தில் வெறும் மணலாகத் தெரிவதுதான் ஊரின் காப்பீடு.

இன்னொன்று. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. கட்டுமானத்தால் வந்த இந்த அரிப்பையும் அங்கே வாழும் மக்களின் பலவீனமாக எழுதிவிடலாமா?

2004 சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து தள்ளி வீடு கட்டிக்கொடுத்தார்கள். சரி, வீடு பத்திரம். ஆனால் காற்றையும் நீவாட்டையும் (கடல் நீரோட்டத்தையும்) பார்த்துத்தான் தொழிலுக்குப் போகமுடியும். அதற்குக் கடல் கண்ணில் படவேண்டும். எஞ்சினையும் வலையையும் தினமும் யார் சுமப்பது?

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்பே வரைவு வரைபடத்தைத் தமிழில் ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் கொடுங்கள். கருவாடு போடும், மீன் விற்கும் பெண்களையும் கூட்டிக்கொண்டு கரையில் நடந்து குறியுங்கள். பஞ்சாயத்தில் பெரும்பாலும் ஆண்களே பேசுவார்கள் என்பதால் சொல்கிறேன். ஜிபிஎஸ் கருவியோடு கூட நடக்க என்னைப்போன்ற மாணவர்கள் வருவோம், கூப்பிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஊரமைப்பு மாணவி ஒருத்தி