வடகிழக்கு ஸ்காட்லாந்தின் பாடகர்களும் இசைக்கலைஞர்களும்: இசை வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, அபர்டீனில் இயங்கும் நமது சங்கத்தின் இசை வட்டம், இவ்வாண்டு முழுவதையும் நாம் குடியிருக்கும் இந்த வடகிழக்கு ஸ்காட்லாந்தின் பாடகர்களையும் இசைக்கலைஞர்களையும் அறிந்துகொள்வதற்கே ஒதுக்கியது. எண்ணெய்த் தொழிலுக்கும் மருத்துவமனைப் பணிக்கும் பல்கலைக்கழகப் படிப்புக்குமாக வந்து, பிள்ளைகளையும் இங்கேயே வளர்த்துவரும் நாம், இந்த மண்ணின் பாட்டைக் கேளாமலே இருப்பது முறையன்று என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எடுத்துரைத்ததே இதற்குத் தொடக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கை இசை வட்டத்தின் பணியை மட்டும் கூறும்.

முதற்கூட்டம் பிடில் இசைக்கு உரியதாக அமைந்தது. ஃபாக்கபர்ஸில் 1748இல் பிறந்து, கார்டன் பிரபுவின் மாளிகையில் பணிபுரிந்துகொண்டே ஸ்ட்ராத்ஸ்பே என்னும் நடன மெட்டுகளை இயற்றிய வில்லியம் மார்ஷலில் தொடங்கி, 1843இல் பேங்கரியில் பிறந்த ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் வரை கேட்டோம். ‘ஸ்ட்ராத்ஸ்பே மன்னர்’ என்று போற்றப்பட்ட ஸ்கின்னர் அறுநூறுக்கும் மேற்பட்ட மெட்டுகளை இயற்றியவர். ஒலிப்பதிவுக் கலை புதிதாக இருந்த காலத்திலேயே தம் வாசிப்பைப் பதிவு செய்ததால், அவருடைய வில்வீச்சின் துடிப்பை இன்றும் நாம் நேராகக் கேட்க முடிகிறது. 1927இல் மறைந்த அவர், டூதி பூங்காவை அடுத்துள்ள ஆலன்வேல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். நம்மில் பலர் வாரந்தோறும் நடைப்பயிற்சிக்குச் செல்லும் வழியிலேயே அது இருக்கிறது.

ஸ்கின்னரைப் பற்றிப் பேசும்போது பீட்டர் மில்னையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் கருத்து. சிறுவன் ஸ்கின்னரைத் தம்முடன் ஊர் ஊராக நடத்திச் சென்று, நடன விருந்துகளில் துணைக்குச் செல்லோ என்னும் பெரிய தந்தி வாத்தியத்தை வாசிக்க வைத்துப் பழக்கியவர் அவர். சிறந்த கலைஞராக இருந்தும் வறுமையில் வீழ்ந்து, ஃபோர்த் கழிமுகத்தைக் கடக்கும் படகுகளில் பயணிகளுக்கு வாசித்துப் பிழைத்தார். 1890இல் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் அந்தப் பிழைப்பும் போயிற்று. மாணவருக்குப் பட்டம் கிடைத்தது. ஆசிரியரின் பெயர் பிடில் வாசிப்போரின் வட்டத்துக்கு வெளியே அதிகம் தெரியவில்லை. ஆண்டு முழுதும் நாம் கேட்ட வரலாறுகளில் இந்த ஏற்றத்தாழ்வு திரும்பத் திரும்ப வந்தது. இந்த வட்டாரத்தின் இசைச் செல்வத்தைக் காத்தவர்களில் மிகுதியானோர் பண்ணையாட்களும், வீட்டு வேலை செய்த பெண்களும், நாடோடிக் குடும்பத்தினருமே என்பதை நம் பிள்ளைகள் முதலில் அறிய வேண்டும்.

அந்தச் செல்வம் ஏட்டில் ஏறியதற்குக் காரணமானவர்கள் இருவர். நியூ டியர் அருகே பள்ளி ஆசிரியராக இருந்த கேவின் கிரெய்க், 1907 முதல் 1911 வரை உள்ளூர்ச் செய்தித்தாளில் வாரந்தோறும் நாட்டுப்பாடல்களைப் பற்றி எழுத, அதைப் படித்த வாசகர்கள் தமக்குத் தெரிந்த பாடல்களை அவருக்கு எழுதி அனுப்பினர். ஆல்ஃபோர்ட் அருகே ஊழியம் செய்த பாதிரியார் ஜேம்ஸ் புரூஸ் டங்கன் அவருடன் இணைந்தார். இருவரும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல் வடிவங்களைத் திரட்டினார்கள். ஆயினும் கிரெய்க் 1914இலும் டங்கன் 1917இலும் காலமாகிவிட, தொகுப்பு முழுமையாக எட்டுத் தொகுதிகளாக வெளிவந்து முடிய 2002 ஆம் ஆண்டாயிற்று. இத்தொகுப்புக்கு நானூறு பாடல்கள் அளவுக்குத் தந்தவர் பெல் ராபர்ட்சன் என்னும் மூதாட்டி. அவர் பாடுபவர் அல்லர். தாயிடமும் பிறரிடமும் கேட்ட வரிகளை நினைவிலிருந்து ஒப்பித்தவர். இராகம் கைக்கு எட்டாத ஒருவர் சொல்லை மட்டும் இத்தனை காலம் காத்து வைத்திருந்ததைக் கேட்டபோது கூட்டத்தில் இருந்த எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது.

பண்ணையாட்களின் பாடல்களுக்கு ஒரு கூட்டம் போதவில்லை. ஆறு மாதக் கூலிக்கு ஆள்பிடி சந்தையில் பேசி அமர்த்தப்பட்ட மணமாகாத இளைஞர்கள், பண்ணையின் ஓரத்துக் கொட்டடியில் தங்கி, இரவில் பாடியவை அவை. ஹண்ட்லி அருகேயுள்ள டிரம்டெல்கி பண்ணையைப் பற்றிய பாட்டு, விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து படியிறங்கி ஓடுவதையும், குதிரைகளுக்குத் தீனி வைத்து மயிர் வாரிவிடுவதையும், அரைமணி வேலைக்குப் பின் அடுக்களையில் ஓட்ஸ் மாவில் கொதிநீர் ஊற்றிய கூழ் கிடைப்பதையும் வரிசையாகச் சொல்கிறது. எந்தப் பண்ணையில் வேலை கடுமை, எந்த முதலாளி கஞ்சன் என்று பெயர் சொல்லிப் பாடியதால், அடுத்த சந்தைக்குப் போகும் ஆளுக்கு இப்பாடல்கள் எச்சரிக்கையாகவும் பயன்பட்டன.

அத்தகைய பாடல்களைச் சந்தைகளில் பாடித் திரிந்த ஜிம்மி மெக்பெத் 1894இல் போர்ட்சாயில் பிறந்தவர். சிறுவயதிலேயே பண்ணை வேலைக்குச் சென்று அடிபட்டவர். முதல் உலகப் போரில் பணியாற்றியபின் ஊர் ஊராக அலைந்தவர். 1951இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர்களான ஹேமிஷ் ஹெண்டர்சனும் அமெரிக்கரான ஆலன் லோமாக்ஸும் அவரை டரிஃப் நகரின் விடுதியில் அமர்த்தி ஒலிப்பதிவு செய்தனர். முன்பு காவலர்கள் அவரைத் துரத்திவிட்ட ஊர் அது.

ஆண்டின் சிகரம் ஜீனி ராபர்ட்சனின் குரலைக் கேட்ட மாலை. 1908இல் நாடோடிக் குடும்பத்தில் பிறந்து, தாயிடம் பாட்டுக் கற்று, அபர்டீனின் காஸ்வேயெண்டில் வாழ்ந்துகொண்டிருந்த அவரை 1953இல் ஹெண்டர்சன் தேடிச் சென்றார். 1411இல் இன்வெரூரி அருகே நடந்த ஹார்லா போரைப் பற்றிய பழம்பாட்டின் தொடக்கத்தைச் சொல்லச் சொல்லி, வந்தவருக்கு விஷயம் தெரியுமா என்று சோதித்த பிறகே அவர் உள்ளே விட்டார் என்று சொல்லப்படுகிறது. வாத்தியத் துணை எதுவுமின்றி, ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய நேரம் கொடுத்து, அன்று கேட்ட பாட்டின் கதையில் வரும் கொலையையும் தாயின் கேள்வியையும் குரலை உயர்த்தாமலே அவர் நிறுத்திச் சொல்லும் முறை, நம் விருத்தம் பாடுவோரின் நிதானத்தை நினைவூட்டியதாக உறுப்பினர்கள் கூறினர். பாட்டு முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்கள். 1968இல் அரசின் எம்.பி.இ. விருது பெற்ற அவர் 1975இல் மறைந்தார். மீன் வெட்டும் தொழில் செய்த அவர் மகள் லிசி ஹிக்கின்ஸ், பேக்பைப் வாசித்த தந்தையின் கமகங்களைக் குரலில் கொண்டுவந்தார்.

உலகப் புகழ் பெற்றோரைப் பற்றி உறுப்பினர்கள் ஏற்கெனவே அறிந்திருந்ததால் அவர்களைச் சுருக்கமாகவே பார்த்தோம். 1902இல் பாரிஸில் இசையமைப்பாளர் டெபுசியின் ஓபராவில் முதன்முதலாக மெலிசாந்த் வேடமேற்ற மேரி கார்டன், அபர்டீனில் பிறந்த ஆனி லெனாக்ஸ், ஆல்ஃபோர்டில் வளர்ந்த எமெலி சாண்டே ஆகிய பாடகிகள் அவர்கள். மெத்லிக் அருகே பண்ணையில் வளர்ந்து, பன்னிரண்டு வயதுக்குள் செவித்திறனைப் பெரிதும் இழந்தும், அதிர்வை உடலால் உணர்ந்து வாசிக்கும் தாளக் கலைஞர் எவெலின் கிளெனியை மட்டும் பிள்ளைகளின் வேண்டுகோளுக்கிணங்கத் தனியே ஒரு நாள் பார்த்தோம். மிருதங்கம் பயிலும் மாணவர்கள் அன்று கேட்ட கேள்விகள் மிக நல்லவை.

வரும் ஆண்டுக்கு இரண்டு பரிந்துரைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். முதலாவது, 1951இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஸ்காட்லாந்து ஆய்வுப் பள்ளியின் ஒலிப்பதிவுகளில் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைப்பவற்றை மாதந்தோறும் கேட்பதைத் தொடரலாம். மேடையேறாமல் வீட்டோடு பாடிய ஃபெட்டரங்கஸ் ஊரின் லூசி ஸ்டூவர்ட்டை அதில் முதலில் எடுக்க விரும்புகிறேன். இரண்டாவது, பாடல்களில் வரும் வட்டார மொழியை விளக்க, மருத்துவமனையில் முதிய நோயாளிகளிடம் அதை நாள்தோறும் கேட்டுப் பழகிய நம் செவிலியர் உறுப்பினர்கள் முன்வர வேண்டும்.

கூட்டங்களுக்கு இடமும் தேநீரும் அளித்த குடும்பத்தினர் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி உரியது. இவ்வறிக்கையை ஏற்றுக்கொண்டு, பரிந்துரைகளை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர், இசை வட்டம்