மூடியைத் திறந்து வைத்தவருக்குத் தெரியும்

தமிழ்நாட்டின் காவல் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். செப்டிக் டேங்கில் இறங்கியவர் விஷவாயு தாக்கி இறந்தார் என்று தகவல் வந்ததும் ஸ்பாட்டுக்கு முதலில் போவது நீங்கள்தான். எந்தப் பிரிவில் வழக்கு என்பதும் உங்கள் பேனாவில்தான் இருக்கிறது. அது பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் தெருவில் ஓர் அடுக்குமாடியில் அப்படி நடந்தது. காலையிலேயே கடப்பாரையால் நெம்பி மூடியைத் திறந்தார்கள். ஆள் கூட்டி வந்தவர் சொன்னதை நானே கேட்டேன்: "அரை மணி நேரம் திறந்து கிடக்கட்டும், கேஸ் போகட்டும். அப்புறம் இறங்கு." இறங்கியவரிடமிருந்து சத்தமே இல்லை. தூக்கப் போன மச்சானும் மேலே வரவில்லை. இடுப்பில் கட்ட ஒரு கயிறு இல்லை. பக்கெட்டில் கட்டிய நைலான் கயிறுதான் கிடந்தது.

கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு போட்டார்கள். அன்று மாலையே ஆள் கூட்டி வந்தவர் ஸ்டேஷன் பெயிலில் வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தக் குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 106(1)-இல் அது 5 ஆண்டு. சரி, கூடியிருக்கிறது. ஆனால் இன்றும் ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். அதே சட்டத்தின் 105-ஆவது பிரிவு, அதாவது கொலையாகாத மரணக் குற்றம், அப்படியில்லை. ஜாமீன் எளிதில் கிடைக்காது, விசாரணை செஷன்ஸ் நீதிமன்றத்தில்.

"கொல்லணும்னு நினைக்கலையே" என்று அன்று ஒரு அதிகாரி என்னிடம் சொன்னார். 105-க்கு அந்த எண்ணம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. தான் செய்வதால் ஒருவர் சாகக்கூடும் என்று தெரிந்தே செய்தால் போதும், 10 ஆண்டு வரை தண்டனை உண்டு. மும்பை பாந்த்ராவில் 2006-இல் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் 7 பேர் கார் ஏறி இறந்த வழக்கில், முதலில் தீர்ப்பானது கவனக்குறைவு என்றுதான். குடித்துவிட்டு ஓட்டியவருக்கு விளைவு தெரியும் என்று சொல்லி, கொலையாகாத மரணக் குற்றம் என்பதை 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இங்கே அந்த 'தெரியும்' இன்னும் பச்சையாக இருக்கிறது. கேஸ் போகட்டும் என்று காத்திருந்தவருக்கு, கேஸ் கொல்லும் என்று தெரியாதா? மூடியைத் திறந்து வைத்தால் மட்டும் அது போய்விடாது. அடிச்சேற்றைக் கலக்கும்போது மறுபடி கிளம்பும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய், அழுகிய முட்டை நாற்றம்கூடத் தெரியாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது.

எல்லாச் சாவுக்கும் 105 போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு கண நேரம் தடுமாறிய ஓட்டுநரும் இவரும் ஒன்றல்ல என்கிறேன். குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பணம் வந்தாலும், வழக்கை எந்தப் பிரிவில் எழுதினீர்கள் என்ற கேள்வி நிற்கத்தான் செய்யும்.

அடுத்த முறை சாட்சிகளிடம் இதையும் கேளுங்கள்: மூடியை யார் திறந்தது, எத்தனை மணிக்கு, இறங்கச் சொன்னவர் என்ன சொன்னார்? அவர் வாயில் வந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள். எங்கள் தெருவில் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
அன்று அந்தத் தொட்டியருகே நின்றிருந்த ஒருவர்