ஒயின் சுவைஞர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

2024ஆம் ஆண்டுக்கான செயலறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சந்தாவில் மாற்றமில்லை, கூட்டம் நடக்கும் இடத்திலும் மாற்றமில்லை. இவற்றைப் பதிந்துவிட்டு, ஆண்டு முழுவதும் நம்மை ஈடுபடுத்திய பொருளுக்கு வருகிறேன்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இவ்வாண்டின் சுவைக் கூட்டங்கள் அனைத்தும் பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் ஆகும் குமிழ் ஒயினான ஷாம்பெயினுக்கே ஒதுக்கப்பட்டன. இங்கிலாந்தின் எந்தப் பல்பொருள் அங்காடியிலும் கிடைக்கும் பெரும் பெயர்களை விடுத்து, தாமே திராட்சை பயிரிட்டுத் தாமே ஒயின் ஆக்கும் சிறு குடும்பப் பண்ணைகளின் புட்டிகளையே நாடுவது என்று முடிவு செய்திருந்தோம். ஷாம்பெயின் பகுதியில் உள்ள ஏறத்தாழ 34,000 ஹெக்டேர் தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு விவசாயிகளின் கையில் இருக்கிறது; ஆனால் விற்பனையாகும் புட்டிகளில் மிகப் பெரும்பகுதி பெருநிறுவனங்களின் பெயரில்தான் வெளிவருகிறது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களின் அறுவடை பெரும்பாலும் அந்நிறுவனங்களின் கலவைகளில் ஒன்றாகிவிடுவதால், ஓர் ஊரின் மண் ஒயினுக்கு என்ன தருகிறது என்பதை அறிய வேண்டுமானால் சிறு பண்ணைகளிடமே செல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு வழி செய்தவர் நம் நகரின் கடைத்தெருவில் தனி ஒருவராகக் கடை நடத்தும் ஒயின் வணிகர். ஆண்டுதோறும் தாமே பிரான்சுக்குச் சென்று, பண்ணைக்குச் சில பெட்டிகள் என்று வாங்கி வருகிறார். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு ஒவ்வொரு சரக்குக்கும் சுங்கத் தாள்களும் முகவர் கட்டணமும் சேர்கின்றன. சரக்கு சிறிதாக இருந்தால் ஒரு புட்டியின் மேல் விழும் சுமை பெரிதாகிறது. 2023 ஆகஸ்டில் வரிமுறை மாறி, குமிழ் உள்ள ஒயினுக்குத் தனியாக இருந்த கூடுதல் தீர்வை நீங்கியது ஓரளவு ஆறுதல். கூட்டத்தில் திறந்த ஒரு புட்டியில் கெட்ட தக்கையால் வரும் ஈரமான அட்டைப்பெட்டி வாடை இருந்தபோது, காரணம் கேட்காமல் மறுநாளே வேறு புட்டி கொடுத்தார் என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன்.

முதல் கூட்டத்தில் புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கக் கற்றோம். சீட்டின் அடியில் சிறு எழுத்தில் இருக்கும் ஆர்.எம். என்ற குறி, சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் தாமே ஆக்கியவர் என்பதைக் காட்டுகிறது; என்.எம். என்றால் திராட்சையை விலைக்கு வாங்கியும் ஆக்கும் நிறுவனம், சி.எம். என்றால் கூட்டுறவுச் சங்கம். அன்று கோத் தே ப்ளாங் சரிவிலுள்ள அவீஸ், லெ மெனில்-சூர்-ஓஜேர், வெர்த்தூ ஆகிய மூன்று ஊர்களின் ஷார்டனே என்னும் வெள்ளைத் திராட்சையின் ஒயின்களை அருகருகே வைத்தோம். மெனிலின் கூர்மையான எலுமிச்சைப் புளிப்பையும், நாக்கில் நிற்கும் சுண்ணத் தன்மையையும், வெர்த்தூவின் சற்றே தளர்ந்த பழச்சுவையையும் புதிய உறுப்பினர்களும் பிரித்துணர்ந்தார்கள். குறுகிய நீள் குவளைகளைக் கைவிட்டு, நடுவில் அகன்ற வெள்ளை ஒயின் குவளைகளுக்கு மாறியதும் இதற்கு உதவியது. இனி அவற்றையே பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சர்க்கரை பற்றிய விவாதம் கோடை வரை நீண்டது. புட்டியில் படிந்த ஈஸ்ட் வண்டலை நீக்கிய பின் சேர்க்கும் இனிப்பே டோசாஜ். ஒயினில் சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால் ப்ரூட், 6 கிராம் வரை எக்ஸ்ட்ரா ப்ரூட், எதுவும் சேர்க்காமல் 3 கிராமுக்கும் கீழே நின்றால் ப்ரூட் நாத்யூர். எதுவும் சேர்க்காததே தூய்மை என்று சில உறுப்பினர்கள் கருதினார்கள். நன்கு பழுக்காத ஆண்டின் ஒயினில் சிறிது சர்க்கரை சுவையை மறைப்பதில்லை, திறந்து காட்டுகிறது என்றே எனக்குப் படுகிறது. அதே கூட்டத்தில் மார்ன் பள்ளத்தாக்கின் மூனியே திராட்சையையும் சுவைத்தோம். பினோ நுவார் என்னும் கறுப்புத் திராட்சையைவிடத் தாமதமாகத் துளிர்ப்பதால் உறைபனி தேங்கும் அந்தத் தாழ்நிலத்துக்கு அது ஏற்றது.

இவ்வாண்டின் சிறந்த கூட்டம் இலையுதிர் காலத்தில் கோத் தே பார் பகுதிக்காக நடந்ததே. ஷாம்பெயின் வணிகத்தின் மையமான எப்பர்னே நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், ஓப் மாவட்டத்தில் இருக்கும் இப்பகுதியின் மண் வடக்கின் வெண்சுண்ணம் அன்று. வெள்ளை ஒயினுக்குப் பெயர்பெற்ற ஷாப்லி பகுதியில் காணும், கிம்மெரிட்ஜியன் எனப்படும் அதே சுண்ணக் களிமண். மொத்தத் தோட்டப் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இங்கே இருந்தும் நெடுங்காலம் இதற்கு மதிப்பு மறுக்கப்பட்டது. ஷாம்பெயின் என்ற பெயருக்கு உரிய பகுதி எது என்று 1908இல் வரைந்த எல்லை ஓப் மாவட்டத்தை வெளியே தள்ளியது. 1911இல் த்ருவா நகரில் ஓப் விவசாயிகள் பெருந்திரளாக அணிவகுத்தார்கள். எல்லையை நீக்கலாம் என்ற பேச்சு எழுந்ததும் வடக்கில் எல்லைக்குள் இருந்த மார்ன் மாவட்ட விவசாயிகள் கொதித்தெழ, ஏப்ரலில் ஆய் நகரின் ஒயின் கிடங்குகள் தீக்கிரையாயின. அதன்பின் 'இரண்டாம் மண்டலம்' என்ற தாழ்ந்த நிலை ஓபுக்குக் கிடைத்தது; முழு உரிமை 1927ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. அப்போதும் அதன் திராட்சை பெரும்பாலும் வடக்கின் கலவைகளுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. இன்று அம்மண்ணின் சிறு பண்ணைகள் தம் ஊர்ப் பெயரைச் சீட்டில் அச்சிட்டு விற்பதைக் காணும்போது, ஒரு நீண்ட வழக்கில் நியாயம் கிடைத்ததாகவே உணர்கிறேன். அன்று சுவைத்த பினோ நுவார் ஒயின்களில் சிவப்புப் பழங்களின் நிறைவும், முடிவில் இலேசான துவர்ப்பும் இருந்தன. ஷாம்பெயினிலேயே பெரிய தோட்டப் பரப்புள்ள ஊரான லே ரிசேயின் குமிழற்ற இளஞ்சிவப்பு ஒயினையும் வணிகர் சேர்த்துக் கொடுத்தார்; பலரும் மறுமுறை கேட்டது அதைத்தான்.

குளிர்காலக் கூட்டத்தில், மொத்தப் பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் மிகக் குறைவாகவே பயிராகும் ஆர்பான், பெத்தி மெலியே முதலிய பழைய திராட்சைகளைப் பார்த்தோம். நாம் வகுத்த வரம்புக்குச் சற்று வெளியே உள்ள குடும்ப நிறுவனம் என்றாலும், ஊர்வீல் என்ற ஊரின் ட்ராப்பியே ஆக்கும் 'குவாத்துவார்' என்ற ஷாம்பெயின் இவற்றை ஷார்டனேயுடனும் பினோ ப்ளாங்குடனும் சேர்ப்பதால் அதற்கு விலக்கு அளித்தோம்.

வரும் ஆண்டைப் பற்றிச் செயற்குழு ஒரு பரிந்துரை வைக்கிறது. 2024இல் ஷாம்பெயினை உறைபனியும் ஓயாத மழையும் பூஞ்சை நோயும் தாக்கின. ஓப் மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. சீட்டில் அறுவடை ஆண்டு குறிக்காத ஷாம்பெயினும் புட்டியிலிட்ட பின் குறைந்தது 15 மாதம் நிலவறையில் இருந்தாக வேண்டும் என்பதால், இவ்வறுவடையின் குறைவு கடைகளில் தெரியச் சில ஆண்டுகள் ஆகும். அப்போது பண்ணைகள் ஒதுக்கித் தரும் பங்கு சுருங்கி முதலில் கைவிரிக்க நேர்வது சிறு வணிகர்களுக்கே. ஆகவே கூட்டத்துக்குக் கூட்டம் புட்டி வாங்கும் வழக்கத்தை மாற்றி, ஆண்டுத் தொடக்கத்திலேயே முன்பணம் கொடுத்துப் பெட்டிகளாகப் பதிவு செய்ய அனுமதி கோருகிறோம். வணிகர் அந்த உறுதியைப் பண்ணைகளிடம் காட்டித் தம் பங்கைக் காத்துக்கொள்ள முடியும். இதற்கான தொகை பொருளாளரின் அறிக்கையில் தனித் தலைப்பில் உள்ளது. தீர்மானத்தை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்