எட்டு நாள் தம்பியின் இரத்தத்துக்குக் காவல் இருந்தவர்களுக்கு

வட்டக்கச்சி, கிளிநொச்சி.

அன்புடையீர்,

தம்பி நேற்று வயல் வரம்பில் நடந்து போனான். இனியும் எழுதாமல் இருந்தால் நன்றிகெட்ட சனம் ஆகிவிடுவோம்.

மார்கழி மழைக்குள் மடை வெட்டிவிட இறங்கியவனுக்கு எலிக்காய்ச்சல். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்தக் காய்ச்சல் வராமல் தடுக்க வீடு தேடி வந்து தந்த டொக்சிசைக்கிளின் குளிசை சாமிப்படத்துக்குப் பின்னால் அப்படியே கிடந்தது. அவருக்கும் நன்றி, பிழை எங்களுடையது. நாலாம் நாள் இருமலோடு இரத்தம் வந்தது. 1990 இலக்க அம்புலன்ஸ் பிள்ளைகள் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார்கள். பிறகு ஏ9 வீதியால் கொழும்பு, இரத்தத்தை வெளியே எடுத்து ஒட்சிசன் ஏற்றித் திருப்பி உடம்புக்குள் விடுகிற எக்மோ மிசின்.

மிசினின் பிளாஸ்டிக்கில் பட்டதும் இரத்தம் உறையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஹெப்பரின். தம்பிக்கோ நுரையீரலுக்குள்ளேயே கசிவு, இரத்தம் உறைய உதவுகிற குருதிச் சிறுதட்டுகளும் குறைவு. மருந்து ஏற்றினால் கசிவு கூடும், ஏற்றாவிட்டால் மிசின் அடைபடும். வைத்தியர் ஐயா கடதாசியில் கீறி எனக்கு விளங்கப்படுத்தினார். முதல் இரண்டு நாளும் ஹெப்பரின் இல்லாமலே, இரத்தத்தை வேகமாக ஓடவிட்டுச் சமாளித்தார்கள். வாய்க்கால் தண்ணீர் மாதிரித்தான், ஓட்டம் குறைந்தால் பாசி.

பார்க்க விடுகிற பத்து நிமிடத்தில் நான் தம்பியை விட அந்தத் தாதித் தங்கச்சியைத்தான் கூடப் பார்த்தேன். ரோச் லைட்டை ஒட்சிசன் ஏற்றுகிற பெட்டியின் மூலைகளில் அடித்து, கறுப்பாக ஏதும் கட்டியிருக்கிறதா என்று குனிந்து தேடுவா. கண்ட இடத்தில் பேனையால் வட்டம் போட்டு, அடுத்த முறை வட்டத்தைத் தாண்டிவிட்டதா என்று பார்ப்பா. "அக்கா, சின்னக் கறுப்பு, பயமில்லை" என்பா. அவவுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கசிவு நின்றதும் ஹெப்பரின் மெல்ல ஏற்றினார்கள். சில துளி இரத்தம் எடுத்து, உறைய எத்தனை செக்கன் என்று திரும்பத் திரும்பப் பார்ப்பு. வழமையாக 180க்கும் 220க்கும் இடையில் வைப்பார்களாம். இவனுக்கு அதற்கும் கீழே பிடித்தார்கள். அது பன்றிக்குடலில் எடுக்கிற மருந்து என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சைவக்காரியான அம்மா கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, ஏத்தட்டும்" என்றா.

கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பெடியள் கேட்காமலே இரத்தம் கொடுத்தார்கள். நாங்கள் அங்கே கிடந்த நேரம் எங்கள் வயலுக்குப் பசளை எறிந்து, அறுவடையும் முடித்து, மூட்டைகளை விறாந்தையில் அடுக்கிவிட்டுப் போன அயலட்டைக்குக் கூலி கொடுக்கப் போய் ஏச்சு வாங்கினதுதான் மிச்சம்.

அந்தத் தங்கச்சிக்கு இதை யாராவது சிங்களத்தில் வாசித்துக் காட்டுங்கள். அரிசி அனுப்ப விலாசம் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டா. அதனால் மூட்டை ஆஸ்பத்திரி விடுதிக்கே வரும்.

இப்படிக்கு,
தம்பியின் அக்கா